உக்கே (ஐக்கிடோ)

உக்கே என்பது ஐக்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பயிற்சியில் தாக்குதலைத் தொடுத்து, அதற்கு விடையாகச் செய்யப்படும் நுட்பத்தைத் தம் உடலில் ஏற்றுக்கொள்பவரைக் குறிக்கும் சொல் ஆகும். நுட்பத்தைச் செய்பவர் நகே எனப்படுவார். இவ்விருவரும் சில முறைகளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வதால், ஐக்கிடோ பயிலும் எவரும் தம் பயிற்சிக் காலத்தில் ஏறத்தாழப் பாதியை உக்கேயாகவே கழிக்கிறார்.

பெரும்பாலான ஐக்கிடோ மரபுகளில் போட்டி கிடையாது. வெற்றி தோல்வியை முடிவு செய்ய நடுவரும் இல்லை, புள்ளிகளும் இல்லை. ஆகவே ஒரு நுட்பம் சரியாகச் செய்யப்பட்டதா என்பதை அறிய நகேக்கு உள்ள முதன்மையான அளவுகோல் உக்கேயின் உடலே ஆகும். உக்கே பொய்யாகத் தாக்கினால் நகே பொய்யையே கற்பார். உக்கே தேவையின்றி முரண்டு பிடித்தால் நகே எதையும் கற்க இயலாது. நகே பொறுப்பின்றி வீசினால் உக்கே காயமடைவார். இக்காரணங்களால் நல்ல பயிற்சித் துணையாக இருத்தல் ஐக்கிடோவில் கலையின் சரிபாதியாகக் கருதப்படுகிறது. எனினும் நூல்களிலும் நிகழ்படங்களிலும் நகேயின் பெயரே பெரிதாகக் குறிக்கப்படுகிறது; வீழ்பவரின் பெயர் பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது.

சொற்பொருள்

ஜப்பானிய மொழியில் உக்கேரு என்னும் வினைச்சொல்லுக்குப் பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்பன பொருள். அதிலிருந்து பிறந்த பெயரே உக்கே. இதனுடன் உடலைக் குறிக்கும் மி என்னும் சொல் சேர்ந்து உக்கெமி என்றாகும். வீழும் முறைகள் அனைத்துக்கும் உக்கெமி என்பதே பொதுப்பெயர். நகே என்பதற்கு எறிதல் என்பது பொருள். ஜூடோவிலும் சில ஐக்கிடோ மரபுகளிலும் நகேக்குப் பதிலாகத் தோரி (எடுப்பவர்) என்ற சொல் வழங்குகிறது. யோஷின்கான் மரபில் ஷித்தே என்பர். நோ நாடகத்தின் முதன்மை நடிகருக்கும் இதே பெயர் உண்டு.

தமிழ் நூல்களில் உக்கேயைத் தாக்குபவர் என்று மொழிபெயர்ப்பது எளிதெனினும் அது பொருத்தமன்று. தாக்குதல் அவர் பணியின் முதல் நொடி மட்டுமே. அடி வாங்குதல் என்ற வழக்கில் உள்ள வாங்குதல் என்னும் சொல்லே உக்கேரு என்பதற்கு மிக நெருக்கமானது. பழந்தமிழில் வாங்குதலுக்கு வளைதல் என்ற பொருளும் இருப்பது இங்கு வியப்பாகப் பொருந்துகிறது. ஆயினும் அடி வாங்கியவர் தோற்றவர் என்னும் கருத்து உக்கே என்ற சொல்லில் இல்லை.

பழைய வாள் மரபுகள்

இருவர் சேர்ந்து முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளைச் செய்யும் பயிற்சிமுறை ஐக்கிடோவுக்கு மிக முற்பட்டது. ஜப்பானின் பழைய வாள் மரபுகள் பலவற்றில் இருவருள் ஒருவர் உச்சிதாச்சி (அடிக்கும் வாள்), மற்றவர் ஷிதாச்சி (செய்யும் வாள்) எனப்படுவர். உச்சிதாச்சி முதலில் தாக்கித் தோற்பவர். இப்பணி மூத்தவருக்கு உரியது என்பது குறிப்பிடத்தக்கது. மாணவர் வெல்கிறார், ஆசிரியர் தோற்கிறார். தாக்குதலின் வேகம், தொலைவு, நேரம் ஆகியவற்றை மாணவரின் திறனுக்கு ஏற்ப அளந்து கொடுப்பதற்குத் தேர்ச்சி வேண்டும் என்பதே இதன் காரணம். 1912 இல் வகுக்கப்பட்ட ஜப்பானியக் கெண்டோ வாள்வடிவங்கள் பத்திலும் (ஏழு நெடுவாள், மூன்று குறுவாள்) ஆசிரியர் நிலையில் இருப்பவர் உச்சிதாச்சியே.

ஐக்கிடோவில் இவ்வமைப்பு ஒரு வகையில் தலைகீழாகிவிட்டது. ஆசிரியர் எறிகிறார், மாணவர் வீழ்கிறார். ஆனால் ஆசிரியர் நுட்பத்தைக் காட்டி முடித்து மாணவர்கள் இணைகளாகப் பயிலத் தொடங்கியதும் பழைய முறை மீண்டும் தலைகாட்டுகிறது. மூத்த மாணவர் உக்கேயாகும்போது, இளையவர் கற்க வேண்டியதைத் தம் உடலால் அவருக்குக் கற்பிக்கிறார்.

உவெஷிபாவின் உக்கேக்கள்

ஐக்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உவெஷிபா (1883–1969) வாகாயாமா மாகாணத்தின் தனபே என்னும் ஊரில் பிறந்தவர். 1915 இல் ஹொக்கைடோவில் தக்கெதா சோக்காக்குவைச் சந்தித்து அவரிடம் தைத்தோ-ர்யூ கலையைக் கற்றார். 1931 இல் டோக்கியோவில் கோபுக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஐக்கிடோ என்ற பெயர் 1942 இல் முறைப்படி வழக்கிற்கு வந்தது.

உவெஷிபா சொல்லால் விளக்கிக் கற்பிப்பவர் அல்லர். மாணவரை அழைப்பார், எறிவார், அடுத்த நுட்பத்துக்குச் சென்றுவிடுவார். அவர் என்ன செய்தார் என்பதை மற்றவர்கள் கண்ணால் மட்டுமே கண்டனர். எறியப்பட்டவர் ஒருவரே தொட்டு அறிந்தார். எனவே உவெஷிபாவுக்கு உக்கேயாக அழைக்கப்படுதல் தண்டனையாகக் கருதப்படாமல் கற்கும் பேறாகவே கருதப்பட்டது. 1936 இல் நோமா டோஜோவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஒளிப்படங்கள் அவருடைய போர்க்காலத்துக்கு முந்தைய நுட்பங்களை அறிய இன்று முதன்மைச் சான்றாக உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வீழ்பவர் யோனெக்காவா ஷிகெமி ஆவார்.

பின்னாளில் யோஷின்கான் மரபை நிறுவிய கோசோ ஷியோதா (1915–1994) கோபுக்கானில் சேர்ந்த கதை பலரும் அறிந்தது. 1932 இல் முதன்முறையாக அங்குச் சென்று பயிற்சியைப் பார்த்த அவர், மாணவர்கள் வேண்டுமென்றே வீழ்கின்றனர் என ஐயுற்றார். உவெஷிபா அவரை முன்வரச் சொல்லித் தாக்குமாறு கூறினார். ஷியோதா காலால் உதைத்தார். மறுநொடி எறியப்பட்டுக் கிடந்தார். அதன்பின் அவர் மாணவராகச் சேர்ந்தார். இன்றும் ஐக்கிடோவை முதன்முறை காண்போர் பெரும்பாலோர்க்கு எழும் ஐயம் ஷியோதாவுக்கு எழுந்த அதே ஐயமே.

ஷியோதா தம் நினைவுக்குறிப்பில் கூறும் மற்றொரு நிகழ்ச்சி இக்கட்டுரைப் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1941 ஆம் ஆண்டளவில் அரண்மனை வளாகத்தில் அரச குடும்பத்தினர் முன் உவெஷிபா தம் கலையைக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது அவர் மஞ்சள் காமாலையால் மிகவும் நலிந்திருந்தார். உக்கேக்களாக யுக்காவா ட்சுத்தோமுவும் ஷியோதாவும் சென்றனர். ஆசிரியரின் உடல்நிலையை எண்ணி இரங்கிய யுக்காவா வழக்கத்தைவிட மென்மையாகத் தாக்கினார். உவெஷிபாவோ வழக்கம்போலவே எறிந்தார். யுக்காவாவின் கை முறிந்தது. எஞ்சிய நேரம் முழுவதும் ஷியோதாவே உக்கேயாக நின்றார். யுக்காவா உடல் வலிமைக்குப் பெயர்பெற்றவர். அவர் காயமடைந்தது வலிமைக் குறைவினால் அன்று. எறிபவர் எதிர்பார்த்த தாக்குதல் வேறு, வந்த தாக்குதல் வேறு.

ஒரு வகுப்பின் போக்கு

ஐக்கிடோ பயிலும் இடம் டோஜோ எனப்படும். தரையில் தத்தாமி என்னும் தடித்த பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் மாணவர் ஒருவரை அழைத்து ஒரு நுட்பத்தைச் சில முறை செய்துகாட்டுவார். பின்னர் மாணவர்கள் இணைகளாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் தலைவணங்கி, ஒனெகாய்ஷிமாஸ் எனக் கூறிப் பயிற்சியைத் தொடங்குவர். உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன் என்பது இச்சொல்லின் ஏறத்தாழப் பொருள். வேண்டிக்கொள்ளப்படுவது என்னவென்று யாரும் விளக்குவதில்லை. ஒருவர் தம் மணிக்கட்டையும் முழங்கையையும் கழுத்தையும் மற்றவரிடம் ஒப்படைக்கப் போகிறார் என்பதை நினைத்தால் விளக்கம் தேவைப்படாது.

பொதுவான வழக்கப்படி ஒருவர் தொடர்ந்து நான்கு முறை நகேயாக இருப்பார். வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்றாக, உக்கேயின் முன்புறமாகச் செல்லும் வடிவம் (ஒமோத்தே) இருமுறையும் பின்புறமாகச் செல்லும் வடிவம் (உரா) இருமுறையும் செய்யப்படும். பிறகு பணி மாறும். டோக்கியோவின் ஷிஞ்சுக்குப் பகுதியில் உள்ள ஐக்கிக்காய் தலைமை டோஜோவில் ஒரு மணிநேர வகுப்பு முழுவதையும் ஒரே துணையுடன் பயில்வது வழக்கம். எனவே வகுப்பு தொடங்கும்போது பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது அந்த ஒரு மணிநேரத்தின் தலைவிதியை முடிவு செய்துவிடும். பிற நாடுகளில் பல டோஜோக்களில் நுட்பத்துக்கு நுட்பம் துணையை மாற்றிக்கொள்கின்றனர்.

தாக்குதல்

ஐக்கிடோவின் தாக்குதல்கள் எண்ணிக்கையில் குறைவானவை. கையின் விளிம்பை வாள்போல் உயர்த்தி நெற்றியை நோக்கி இறக்குதல் (ஷோமென்-உச்சி), தலையின் பக்கவாட்டில் வெட்டுதல் (யோக்கோமென்-உச்சி), நெஞ்சிலோ வயிற்றிலோ குத்துதல் (ட்சுக்கி), மணிக்கட்டைப் பற்றுதல் (கத்தாத்தே-தோரி), தோளைப் பற்றுதல் (கத்தா-தோரி), பின்னிருந்து பிடித்தல் ஆகியவை முக்கியமானவை. மணிக்கட்டைப் பற்றுதல் இன்றைய தெருச்சண்டையில் அரிது. எதிரி வாளை உருவாதபடி தடுப்பதே இதன் தோற்றம் என்று பொதுவாக விளக்கம் கூறுவர்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இரக்கத்தால் விளைவது. துணைக்கு அடிபட்டுவிடுமோ என்று அஞ்சி அவர் தலைக்கு ஒரு சாண் பக்கத்தில் காற்றை வெட்டுவர். அல்லது கை எட்டாத தொலைவிலேயே நிறுத்திக்கொள்வர். நகே நின்ற இடத்திலேயே நின்றாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. எப்போது விலக வேண்டும், எவ்வளவு விலக வேண்டும் என்பதை அவர் ஆண்டுக்கணக்கில் பயின்றாலும் அறியமாட்டார். இதற்கு நேர்மாறான தவறு, நகே அசையும் முன்பே தாமாகவே முன்னால் ஓடிக் கவிழ்தல். நகே எவ்வளவு திறமையற்றவராயினும் நுட்பம் அழகாக நிகழ்ந்துவிடும்.

நல்ல உக்கேயின் அடி, நகே விலகாவிட்டால் உண்மையாகவே அவர்மீது விழும். இதற்கு வேகமோ வலிமையோ இன்றியமையாதன அல்ல. நகே தொடக்கநிலை மாணவராக இருந்தால் வேகத்தை எவ்வளவும் குறைக்கலாம். திசையையும் தொலைவையும் மாற்றக்கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மெதுவான தாக்குதலையும் போலியான தாக்குதலையும் ஒன்றாக எண்ணிவிடுவோர் பலர்.

அடியோ பிடியோ முடிந்த பிறகும் உக்கேயின் வேலை முடிவதில்லை. சமநிலை இழந்த உக்கே மீண்டும் நிமிர்ந்து நகேயை எதிர்கொள்ள முயல வேண்டும். அந்த முயற்சியின் விசையே நுட்பத்தின் அடுத்த கட்டத்துக்கு அடிப்படை. பல நுட்பங்களில், விலகி நின்றால் முகத்திலோ விலாவிலோ அடி (அத்தெமி) விழக்கூடிய இடைவெளி உண்டாகும். அதைத் தவிர்க்கவே உக்கே நகேயை ஒட்டி நகர்கிறார். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது வலியச் சென்று எறியப்படுவதைப்போல் தோன்றும். காரணம் அறியாமல் பழக்கத்தால் மட்டுமே ஒட்டி ஓடும் உக்கேயைப் பொறுத்தவரை அத்தோற்றம் உண்மையும் ஆகும்.

உக்கெமி

பின்பக்க வீழ்ச்சியே முதலில் கற்பிக்கப்படுகிறது. பயில்பவர் ஒரு காலை மடித்து உடலைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, பிட்டத்திலிருந்து முதுகுவரை உருண்டு திரும்பி எழ வேண்டும். தாடை நெஞ்சோடு சேர்ந்திருக்க வேண்டும். தம் இடைக்கச்சையின் முடிச்சைப் பார்க்குமாறு ஆசிரியர்கள் கூறுவர். அப்படிப் பார்த்தால் தலை தானாக முன்னே வந்து தரையில் மோதாமல் காக்கப்படும்.

முன்பக்க உருளலில் உடல் ஒரு சக்கரம்போல் ஆகிறது. கையின் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு முதலில் பாயைத் தொடும். அங்கிருந்து முன்கை, தோள், பிறகு முதுகின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு என்று தொடுபுள்ளி நகரும். தலையும் முதுகெலும்பும் நேரடியாகத் தரையைத் தாக்குவதில்லை. குட்டிக்கரணம் போட்டுப் பழகியவர்கள் இதைத் தவறாகச் செய்வதைப் பெரும்பாலும் காணலாம்; குட்டிக்கரணம் முதுகெலும்பின் வழியே நேராக உருளுவது, உக்கெமி குறுக்காக உருளுவது. பாயில் இதன் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மரத்தரையில் ஒருமுறை செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகை காற்றில் சுழன்று வீழும் தோபி உக்கெமி. கொத்தெகாயேஷி என்னும் நுட்பத்தில் மணிக்கட்டு வெளிப்புறமாகத் திருப்பப்படும்போது உருள நேரமோ இடமோ இருக்காது. உக்கே தம் கையையே அச்சாகக் கொண்டு அதன்மீது தாவி, பக்கவாட்டில் விழுந்து, மறுகையால் பாயை அறைவார். அறைதல் ஒலிக்காக அன்று. தரையைத் தொடும் பரப்பு பெருகுவதால் அதிர்ச்சி ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. காண்போரைக் கவரும் வீழ்ச்சி இதுவே என்பதால் இளையோர் இதை விரைவில் கற்க ஆசைப்படுவர். மூட்டைக் காப்பதற்கான தப்பிக்கும் வழி என்னும் அளவிலேயே இதைக் கொள்ளுதல் நலம்.

பயில்வோர் பலருக்கு, ஐக்கிடோவிலிருந்து அன்றாட வாழ்வில் உண்மையாகவே பயன்பட்டது ஈரத்தரையிலோ மிதிவண்டியிலிருந்தோ விழும்போது கைகொடுத்த உக்கெமி ஒன்றே. எறியும் நுட்பங்களை வாழ்நாளில் ஒருமுறையும் பயன்படுத்த நேராதவர்களும் எப்போதாவது தடுக்கி விழுவர்.

எதிர்ப்பும் இணக்கமும்

உக்கே எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்பது ஐக்கிடோ உலகில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, என்ன நுட்பம் வரப்போகிறது என்பது உக்கேக்கு முன்பே தெரியும் என்பதாகும். எடுத்துக்காட்டாக, இக்கியோ நுட்பத்தில் நகே உக்கேயின் முழங்கையை மேலே தள்ளிக் கவிழ்க்கிறார். இதை அறிந்த உக்கே முழங்கையைக் கீழ்நோக்கி இறுக்கிக்கொண்டால் எவராலும் அதை எளிதில் உயர்த்த இயலாது. ஆனால் அப்படி இறுக்கும் நொடியில் அவர் முகம் முழுவதும் திறந்து கிடக்கும். உடலும் வேறொரு திசையில் எளிதாகச் சாயும் நிலையில் இருக்கும். வகுப்பில் இக்கியோவைச் செய்யுமாறு கூறப்பட்டுள்ளதால் நகே அந்த இடைவெளியைப் பயன்படுத்த இயலாது. விடை தெரிந்த வினாவில் வென்றுவிட்டதாக உக்கே மகிழ்கிறார். இவ்வகை எதிர்ப்பு இருவருக்கும் பயனற்றது.

அதே வேளையில் உறுதியான பிடி வேறு, முரண்டு வேறு. இபராக்கி மாகாணத்தின் இவாமாவில் உவெஷிபாவிடம் நீண்டகாலம் பயின்ற மொரிஹிரோ சாயித்தோ (1928–2002) வழிவந்தோர், தொடக்கநிலைப் பயிற்சியில் உக்கே மணிக்கட்டை முழு வலிமையுடன் பற்ற வேண்டும் என வலியுறுத்துகின்றனர். அசைவற்ற அப்பிடியிலிருந்து விடுபடக் கற்ற பின்னரே ஓட்டத்துடன் கூடிய வடிவங்கள். ஐக்கிக்காயின் பல டோஜோக்களில் தொடக்கம் முதலே ஓட்டத்துடன் பயில்கின்றனர். இரு முறைகளிலும் தேர்ந்தவர்கள் உள்ளனர். இரண்டிலும் தம்மை ஏமாற்றிக்கொண்டவர்களும் உள்ளனர்.

அனுபவமிக்க துணை, நகே அன்று செய்ய முடிந்ததைவிடச் சற்றே கடினமான அளவுக்கு எதிர்ப்பைத் தருவார். பிழை நேர்ந்தால் வீழமாட்டார். நிற்பார், ஆனால் தள்ளிப் பிடித்து முட்டுக்கட்டை போடமாட்டார். நகே தம் காலையோ இடுப்பையோ திருத்திக்கொண்டவுடன் வழிவிடுவார். இதில் சொற்கள் தேவைப்படுவதில்லை. துணையை நிறுத்தி வைத்து விளக்கவுரை ஆற்றும் இடைநிலை மாணவர்கள் எல்லா டோஜோக்களிலும் உள்ளனர்; அவர்களிடம் கற்பதைவிட, வாய் திறவாமல் நின்றுவிடும் மூத்தவரிடம் கற்பது மிகுதி.

ஐக்கிடோவைக் குறைகூறுவோரின் வலுவான வாதம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. போற்றப்படும் ஆசிரியர் கை நீட்டினாலே மாணவர்கள் விழுந்துவிடும் காட்சிகளைப் பொது நிகழ்ச்சிகளில் காணலாம். இதில் எப்போதும் நடிப்பு இருப்பதாகக் கூற முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் அசைவுக்கே பழகிய உடல், தொடுவதற்கு முன்பே தன்னைக் காத்துக்கொள்ள விழத் தொடங்கிவிடும். ஆனால் விளைவு ஒன்றே. தம் நுட்பம் பலிக்கிறதா என்பதைச் சொல்ல யாரும் இல்லாத நிலைக்கு ஆசிரியர் வந்துவிடுகிறார். இக்குறையை மரியாதை என்னும் பெயரால் மூடிவிட முடியாது.

இதற்கு வெளிப்படையான தீர்வை முன்வைத்தவர் கெஞ்ஜி தோமிக்கி (1900–1979). ஜூடோவில் கானோ ஜிகோரோவிடமும் பின்னர் உவெஷிபாவிடமும் பயின்ற இவர், 1940 இல் உவெஷிபாவிடமிருந்து எட்டாம் தான் நிலையை முதன்முதலாகப் பெற்றவர். வசேதா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், 1958 இல் அங்கு ஐக்கிடோ சங்கம் தொடங்கப்பட்டபோது, எதிர்ப்புடன் கூடிய கட்டற்ற பயிற்சியையும் போட்டியையும் ஐக்கிடோவில் புகுத்த முற்பட்டார். பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க 17 நுட்பங்களை அதற்கெனத் தேர்ந்தார். இம்மரபின் போட்டியில் ஒருவர் மென்மையான போலிக் கத்தியால் குத்த முயல்வார். மற்றவர் விலகி நுட்பம் செய்வார். பாதி நேரத்தில் பணி மாறும். இங்கு உக்கே எவ்வகையிலும் ஒத்துழைப்பதில்லை. போட்டியை உவெஷிபா ஏற்கவில்லை. தோமிக்கியின் வழி தனி மரபாக நிலைத்துவிட்டது. போட்டியாளர்களும் நுட்பங்களைக் கற்கும்போது ஒத்துழைக்கும் உக்கேயிடமே கற்கின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

காயங்கள்

ஐக்கிடோ மென்மையான கலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பயிற்சியில் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. வசேதா பல்கலைக்கழகத்தின் ஷிஷிதா ஃபுமியாக்கி 1980களின் இறுதியில் ஜப்பானியப் பல்கலைக்கழகச் சங்கங்களில் நேர்ந்த கடும் காயங்களைத் தொகுத்து எழுதினார். இறப்புகளுக்குத் தலைக்காயமே முதன்மைக் காரணமாக இருந்தது. ஷிஹோ-நகே, இரிமி-நகே என்னும் இரு எறிதல்களே பெரிதும் தொடர்புடையனவாக இருந்தன. இறந்தோருள் பலர் சேர்ந்து அதிக காலம் ஆகாத மாணவர்கள்.

ஷிஹோ-நகேயில் உக்கேயின் கை மடக்கப்பட்டுத் தோளுக்குப் பின்னே கொண்டுசெல்லப்படும். உடல் பின்னோக்கி வளைந்திருப்பதால் திரும்பவோ உருளவோ வழியில்லை. கையை விடாமல் செங்குத்தாகக் கீழே இறக்கினால் பின்னந்தலை நேராகப் பாயில் மோதும். கையைத் தோளை விட்டு வெளியே இழுத்தால் முழங்கையும் தோளும் கெடும். உக்கேயின் கையைத் தோளுக்கு மிக அருகில் வைத்து, அவர் தாடையை ஒடுக்கிக் காலை மடிக்க நேரம் கொடுத்து இறக்குவதே பாதுகாப்பானது. தலை வேகமாகச் சுழலும்போது மூளையின் மேற்பரப்புக்கும் அதன் புற உறைக்கும் இடையே செல்லும் சிரைகள் கிழிந்து குருதி தேங்கலாம். தலை பாயில் பலமாக மோதாதபோதும் இது நேரலாம். முதல் அதிர்ச்சியிலிருந்து தேறும் முன் மீண்டும் எறியப்படுவது மேலும் கேடானது. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவற்றைப் புதிய மாணவர் மூத்தவரிடம் சொல்லத் தயங்குவார். அத்தயக்கத்தை வளர்க்கும் சூழலே மருத்துவக் காரணங்களைப் போன்று கொல்லக்கூடியது.

மூட்டுப் பிடிகளில் எச்சரிக்கைக் குறி எளிது. நிக்கியோ, சங்கியோ போன்ற பிடிகளில் எல்லை வந்ததும் உக்கே தம் கையால் பாயையோ தம் தொடையையோ துணையின் உடலையோ தட்டுவார். தட்டியவுடன் பிடியைத் தளர்த்த வேண்டும். தாங்கும் எல்லைவரை காத்திருந்து தட்டுவது வீரமாக எண்ணப்படுவதுண்டு. மணிக்கட்டின் தசைநார்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. நகேக்கு அடுத்த முறை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டுமானால் உக்கே உரிய நேரத்தில் தட்டியாக வேண்டும்.

எறிபவர் தம் வேகத்தை எதிரே இருப்பவரின் உக்கெமித் திறனுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. இருவருள் மூத்தவருக்கே இப்பொறுப்பு கூடுதல். அறுபது வயதுத் துணையையும் இருபது வயதுத் துணையையும் ஒரே உயரத்திலிருந்து எறிபவரை, அவர் எத்தனை தான் பெற்றிருந்தாலும், நல்ல நகே எனக் கூறுவதற்கில்லை.

பாயின் மேல் வழக்கங்கள்

நகங்களைக் குறுக வெட்டியிருத்தல், மோதிரம், கடிகாரம், காதணி ஆகியவற்றைக் கழற்றுதல், துவைத்த உடையுடன் வருதல் ஆகியன எல்லா டோஜோக்களிலும் எதிர்பார்க்கப்படுகின்றன. முகமும் முகமும் ஒரு சாண் தொலைவில் வரும் கலையில் கடைசியாகக் கூறியதன் தேவை வெளிப்படை. பழைய காயம் இருந்தால் வணங்கும்போதே துணையிடம் சொல்லிவிடுவர். எறியும் முன் நகே, உக்கே விழப்போகும் திசையில் வேறொரு இணை வருகிறதா என்று பார்ப்பார். நெரிசலான வகுப்புகளில் இணைகள் பாயின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எறிவது வழக்கம். பக்கத்து இணை திடீரென வந்துவிட்டால், வீழ்ந்துகொண்டிருக்கும் துணையின் உடையைப் பற்றி இழுத்து நிறுத்துவர். வகுப்பு முடிந்ததும் அன்று உடன் பயின்ற ஒவ்வொருவரையும் தேடிச் சென்று, முழந்தாளிட்டு வணங்கி நன்றி கூறிய பின்னரே பாய்களைப் பெருக்கத் தொடங்குவர்.